ஊவாத் தோட்டப் பாடசாலைகளில் ஒன்பதாம் தர விஞ்ஞானம்: கற்பதும் கணிக்கப்படுவதும்

இலங்கையின் பாடசாலைக் கல்வியில் தரம் 9 என்பது கனிஷ்ட இடைநிலைப் பிரிவின் இறுதி ஆண்டாகும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் அந்த ஆண்டின் முடிவில் க.பொ.த. சாதாரண தரத்துக்குரிய தொகுதிப் பாடங்களைத் தெரிவுசெய்துகொண்டு தரம் 10க்குச் செல்கின்றனர். எடுக்கவேண்டிய ஒன்பது பாடங்களுள் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயமானவை என்பதால், விஞ்ஞானத்தை விட்டு விலகும் வழி எந்தப் பிள்ளைக்கும் இல்லை. ஆயினும் தரம் 9இல் பொதுப் பரீட்சை எதுவும் நடத்தப்படுவதில்லை. ஒரு பிள்ளைக்கு விஞ்ஞானத்தில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை அந்தக் கட்டத்தில் அறிந்துசொல்லும் முழுப் பொறுப்பும் பாடசாலையிடமே விடப்பட்டிருக்கிறது. அந்தப் பொறுப்பு எவ்வாறு நிறைவேற்றப்படுகிறது என்ற கேள்வி நாடு முழுவதற்கும் உரியதுதான் எனினும், பதுளை மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் அதற்கு ஒரு தனிக் கனம் உண்டு.

அந்தக் கனத்துக்கு முதற் காரணம் பாடசாலைகளின் வகைப்பாடு. இலங்கையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு வரை உள்ள பாடசாலைகள் 1ஏபி என்றும், உயர்தரத்தில் கலை, வர்த்தகப் பிரிவுகள் மட்டும் உள்ளவை 1சி என்றும், தரம் 11 வரை உள்ளவை வகை 2 என்றும், தொடக்க வகுப்புகளோடு அல்லது தரம் 8 அளவில் நின்றுவிடுபவை வகை 3 என்றும் அழைக்கப்படுகின்றன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் தமிழர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் தோட்டங்களில் வாழ்பவர்கள் அல்லது தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகளோ பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களை ஒட்டியே அமைந்திருக்கின்றன. மடுல்சீமையிலோ பூனாகலையிலோ உள்ள ஒரு தோட்டத்தின் வகை 3 பாடசாலையில் படிக்கும் பிள்ளை, ஏறத்தாழ தரம் 9ஐ எட்டும் வயதிலேயே வேறு பாடசாலை தேடி நடக்கவோ பேருந்து ஏறவோ வேண்டியிருக்கிறது. கட்டாயக் கல்வி வயதும் நீண்ட காலம் இதே இடத்தில்தான் நின்றது. 1998இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரை பாடசாலை வரவைக் கட்டாயமாக்கின. 2016இலேயே அந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. பாடசாலை மாறும் வயதும், சட்டத்தின் கட்டாயம் விட்டுப்போகும் வயதும் ஒன்றாக அமைந்திருந்த அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் தரம் 9 பல தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியின் இறுதி வாசலாகவே இருந்தது.

இந்த நிலை தற்செயலாக உருவானதன்று. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட உரிமையாளர் மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அதை மேலும் வலியுறுத்தியது. நடைமுறையில் அது லயத்தின் ஓர் அறையிலோ கோயில் மண்டபத்திலோ ஒரே ஆசிரியர் பல வகுப்புகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுப்பதாக நின்றது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே தொடர்ந்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரின் குடியுரிமையைப் பறித்தபின், அவர்களுடைய கல்விக்காக அரசியல் அரங்கில் பேசும் பலமும் குன்றியது.

விஞ்ஞானக் கல்வியின் வரலாற்றோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் இழப்பின் அளவு தெளிவாகிறது. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம், பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் என்று பிரிக்காமல் அவற்றை ஒரே பாடமாகக் கற்பிக்கும் ஒன்றிணைந்த விஞ்ஞானத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாக்கியதோடு, தரம் 9இன் முடிவில் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் என்ற பரீட்சையையும் ஏற்படுத்தியது. 1975இல் முதன்முறையாக நடந்த அந்தப் பரீட்சை 1977ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தோடு கைவிடப்பட்டது. நாட்டின் கிராமப்புறப் பிள்ளைகள் முதன்முறையாக விஞ்ஞான வகுப்பில் அமர்ந்த அந்த ஆண்டுகளில், பெரும்பாலும் தரம் 5க்கு மேற்படாத தோட்டப் பாடசாலைகள் அரச கல்வி முறைக்கு வெளியிலேயே நின்றன. அவற்றை அரசு பொறுப்பேற்கும் பணி 1970களின் பிற்பகுதியில் தொடங்கிப் படிப்படியாகவே நிறைவுற்றது. 1980களில் சுவீடனின் உதவியோடு பதுளை உட்படப் பல தோட்ட மாவட்டங்களில் கட்டடங்கள் எழுந்தன. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் உதவியோடு கொட்டகலைப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தொடங்கப்பட்டது. விஞ்ஞானம் பயின்ற ஒரு தலைமுறை ஆசிரியராகி அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் சுற்று, நாட்டின் பிற பகுதிகளைவிட இங்கே ஒரு தலைமுறை தாமதித்தே சுழலத் தொடங்கியது. இன்று ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்றால், அந்தக் குறையை இந்த ஆண்டின் நியமனப் பட்டியலில் மட்டும் தேடினால் போதாது.

தற்போதைய தரம் 9 விஞ்ஞானப் பாடநூல் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தால் இலவசமாக வழங்கப்படுகிறது. அதன் பாடத்திட்டத்தை மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வகுக்கிறது. நுண்ணங்கிகளின் பயன்பாடுகளில் தொடங்கி கண்ணும் காதும், விசை, திண்மங்களின் அமுக்கம், குருதிச் சுற்றோட்டம், தாவர வளர்ச்சிப் பதார்த்தங்கள், கூர்ப்பு, மின்பகுப்பு, அடர்த்தி, உயிர்ப் பல்வகைமை, அலைகள், ஒளி, எளிய பொறிகள், நனோ தொழினுட்பம், மின்னல், இயற்கை அனர்த்தங்கள் என்று இருபது அலகுகள் வரை அது விரிகிறது. ஓர் ஆண்டில், அதுவும் மழையாலும் வேறு காரணங்களாலும் குறுகிப்போகும் ஓர் ஆண்டில், இது பெரிய சுமைதான். ஆனால் இந்தப் பட்டியலைத் தோட்டத்தில் நின்று வாசிப்பவருக்கு வேறொன்றும் தெரியும்: இவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றின் செய்முறைக் களம் வகுப்பறைக் கதவுக்கு வெளியே விரிந்து கிடக்கிறது.

தாவர வளர்ச்சிப் பதார்த்தங்கள் என்ற அலகை எடுத்துக்கொள்ளலாம். தண்டின் நுனியரும்பில் உருவாகும் ஒட்சின் என்ற பதார்த்தம் கீழ்நோக்கிக் கடத்தப்பட்டுப் பக்க அரும்புகளின் வளர்ச்சியை அடக்கிவைக்கிறது. இது நுனி ஆட்சி எனப்படும். நுனியை அகற்றினால் அடக்கம் நீங்கிப் பக்க அரும்புகள் தழைக்கின்றன. விட்டுவிட்டால் பல மீற்றர் உயரத்துக்கு மரமாக வளர்ந்துவிடும் தேயிலையை இடுப்பளவுச் செடியாக நிறுத்திவைப்பதும், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளிய இடத்தில் ஒரு வாரம், பத்து நாளில் புதுக் கொழுந்து எழுவதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவ்வாத்து வெட்டுவதும் இந்த ஒரே உயிரியல் உண்மையின்மீது நிற்கின்றன. ஊவாவின் பொருளாதாரமே நுனி ஆட்சியைக் குலைப்பதில் தங்கியிருக்கிறது என்றால் அது மிகையாகாது. கவ்வாத்து மலை எப்படித் தளிர்க்கும் என்பதைத் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் அறிந்துகொண்ட பிள்ளை, அந்த அறிவுக்கும் பாடநூலின் ஒட்சினுக்கும் தொடர்பு உண்டென்று எவரும் காட்டாதவிடத்து, இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தோட்ட வாழ்வின் அனுபவ அறிவு தன்னளவில் விஞ்ஞானமாகிவிடாது. சில இடங்களில் அது பிழையான திசையிலும் இழுக்கும். நுண்ணங்கிகள் பற்றிய முதல் அலகில் நொதித்தலைக் கற்கும் பிள்ளை, தேயிலைத் தொழிற்சாலையிலும் நொதித்தல் என்றொரு கட்டம் இருப்பதைக் கேள்விப்பட்டு, அங்கும் நுண்ணங்கிகளே வேலை செய்வதாக நினைப்பது இயல்பு. உண்மையில் அரைத்த இலையின் கலங்கள் உடைந்து, இலையிலேயே உள்ள நொதியங்கள் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து பொலிபினோல்களை மாற்றுவதே பச்சை இலையைச் செம்பு நிறமாக்குகிறது. தயிர் உறைவதற்குத் தேவையான பற்றீரியாவுக்கு அங்கே பங்கில்லை. இந்த வேறுபாட்டைப் பிள்ளை தானே கண்டுபிடிக்க முடியாது. அதை விளக்க ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியர் தொழிற்சாலையையும் பாடநூலையும் ஒருசேர அறிந்தவராக இருக்கவேண்டும்.

இனிக் கணிப்பீட்டுக்கு வரலாம். தரம் 9 பிள்ளை இரு வகையில் கணிக்கப்படுகிறது. ஒன்று தவணைப் பரீட்சை. ஆண்டின் மூன்று தவணைகளின் முடிவிலும் நடக்கும் இதன் வினாத்தாள், பல இடங்களில் சாதாரண தர விஞ்ஞான வினாத்தாளின் சாயலிலேயே அமைகிறது. சாதாரண தரத்தில் முதற் பத்திரம் 40 பல்தேர்வு வினாக்களைக் கொண்டது. இரண்டாம் பத்திரம் அமைப்புக் கட்டுரை வினாக்களும் கட்டுரை வினாக்களுமாக விரிவது. செய்முறைப் பரீட்சை கிடையாது. இரண்டாவது வகை, 1990களின் இறுதிச் சீர்திருத்தத்தோடு பரவலாகிய பாடசாலை மட்டக் கணிப்பீடு. கற்பித்தலுக்கு இடையிலேயே செய்முறை, ஒப்படை, குழுச் செயற்றிட்டம், கண்காட்சி, வாய்மொழி விளக்கம் ஆகியவற்றின் வாயிலாகப் பிள்ளையின் தேர்ச்சியை ஆசிரியர் பதிவு செய்வதே அது. தேர்ச்சி என்பது அறிந்ததைக்கொண்டு செய்யக்கூடிய ஆற்றல். 2007இல் அறிமுகமான தேர்ச்சி மையப் பாடத்திட்டம் ஈடுபடுதல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகளைக் கொண்ட முறையை ஆசிரியர் வழிகாட்டிகளில் புகுத்தியபோது, இந்த இரண்டாவது வகையே முதன்மை பெறும் என்ற எதிர்பார்ப்பும் அதனுள் இருந்தது.

அவ்வாறு நடக்கவில்லை. பெற்றோருக்கும் அதிபருக்கும் வலயக் கல்விப் பணிமனைக்கும் கணக்காவது தவணைப் பரீட்சையின் புள்ளியே. அந்தப் புள்ளி எதை அளக்கிறது என்று கேட்டாக வேண்டும். ஓர் அளவி தான் அளப்பதாகச் சொல்வதையே உண்மையில் அளக்கிறதா என்பது கணிப்பீட்டியலில் ஏற்புடைமை எனப்படும். மீண்டும் மீண்டும் அளந்தாலும், வேறொருவர் அளந்தாலும் ஒரே முடிவு வருமா என்பது நம்பகத்தன்மை எனப்படும். மாகாணம் முழுவதற்கும் ஒரே வினாத்தாள், ஒரே புள்ளித் திட்டம் என்ற ஏற்பாடு நம்பகத்தன்மையைக் காக்கிறது. மின்பகுப்பை ஒருபோதும் கண்ணால் காணாத பிள்ளை, மின்வாய்களில் தோன்றும் குமிழிகளைப் பற்றிய வினாவுக்குப் பாடமாக்கிய விடையைத் தரும்போது ஏற்புடைமை போய்விடுகிறது. ஆய்வுகூடமும் ஆசிரியரும் உள்ள பாடசாலைப் பிள்ளையும் இவை இரண்டும் இல்லாத பாடசாலைப் பிள்ளையும் ஒரே வினாவுக்குப் பெறும் புள்ளிகளுக்கிடையிலான இடைவெளி, பிள்ளைகளின் விஞ்ஞான ஆற்றலின் இடைவெளியாகப் பெறுபேற்றுத் தாளில் எழுதப்படுகிறது. அது பாடசாலைகளின் வசதி இடைவெளி. அதைப் பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதுவது அநீதி.

உயரமான மலைகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நீரின் கொதிநிலை 100 பாகை செல்சியஸ் என்று கீழ் வகுப்புகளிலிருந்தே பிள்ளைகள் கற்கின்றனர். அது கடல் மட்ட வளியமுக்கத்துக்கு உரிய பெறுமானம். ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் வளியமுக்கம் குறைவு என்பதால் நீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே வெப்பமானியை வைத்து நேர்மையாக அளக்கும் பிள்ளைக்கு முன் இரண்டு வழிகளே உள்ளன: கண்டதை எழுதிப் புள்ளியை இழப்பது, அல்லது காணாததை எழுதிப் புள்ளியைப் பெறுவது. அளவீட்டை நம்பு என்பதே விஞ்ஞானத்தின் முதல் கட்டளை. அதை மீறுவதற்குப் பயிற்சி அளிக்கும் புள்ளித் திட்டம் எவ்வளவு சீராகத் திருத்தப்பட்டாலும் விஞ்ஞானக் கணிப்பீடாகாது. அதே 95 பாகையை வகுப்புக்குரிய ஒரு வினாவாக எடுத்துக்கொண்டால், பதுளை நகரில் அளந்த பெறுமானத்தோடும் பாடநூலின் பெறுமானத்தோடும் அதை ஒப்பிட்டு, உயரமும் அமுக்கமும் கொதிநிலையும் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபடுகின்றன என்பதைப் பிள்ளைகளே சொல்ல வைக்கலாம்.

பாடசாலை மட்டக் கணிப்பீடு உண்மையாக நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு மழைமானியே சிறந்த எடுத்துக்காட்டு. ஊவாவின் கிழக்குச் சரிவுகள் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் கச்சான் காற்றில் காய்ந்து, அந்தக் காய்ச்சலாலேயே உலகறிந்த சுவைத் தேயிலையைத் தருகின்றன. ஒக்டோபர் முதல் சனவரி வரை இடைப்பருவ மழையையும் வடகீழ்ப் பருவ மழையையும் வாங்குகின்றன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த இடம் அதற்கு முன்னரே அபாயப் பகுதியாக அடையாளங் காணப்பட்டிருந்தது. 2025 நவம்பரின் டித்வா சூறாவளியிலும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பொதுவாகக் கொள்ளும் அளவுகள் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் மழை என்பன. மூன்றாவதை எட்டினால் இடம்பெயர்ந்தாக வேண்டும். இந்த எண்கள் வானொலியில் வாசிக்கப்படுகின்றன. ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் என்ன என்பது லயத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பக்கங்கள் நேரான ஒரு பிளாத்திக்குப் போத்தலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாக அதன்மேல் பொருத்தினால் மழைமானி தயார். வாயின் அகலமும் நீர் சேரும் பகுதியின் அகலமும் சமமாக இருந்தால் நீரின் உயரமே மழைவீழ்ச்சி. சமமில்லாவிட்டால் பரப்பளவுகளின் விகிதத்தைக் கணிக்கவேண்டும். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் நீர். ஒரு லீற்றர் நீரின் திணிவு ஒரு கிலோகிராம். அப்படியானால் 150 மில்லிமீற்றர் மழை, ஒவ்வொரு சதுர மீற்றர் மண்மீதும் 150 கிலோகிராம் நீரைக் கொட்டுகிறது. அடர்த்தி, விசை, அமுக்கம், இயற்கை அனர்த்தம் என்று பாடநூலில் தள்ளித்தள்ளி இருக்கும் அலகுகள் இந்த ஒரே கணக்கில் சந்திக்கின்றன. நாள்தோறும் காலை 8.30க்கு அளவெடுப்பது, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைப்பது, விடுபட்ட நாளை விடுபட்டதாகவே எழுதுவது, சுவரோரத்தில் வைத்த மானிக்கும் வெளியில் வைத்த மானிக்கும் ஏன் வித்தியாசம் வருகிறது என்று விவாதிப்பது ஆகியவற்றை ஒரு மாதம் கவனித்த ஆசிரியருக்கு, எந்தப் பிள்ளை விஞ்ஞானமாகச் சிந்திக்கிறது என்பது நாற்பது பல்தேர்வு வினாக்களால் தெரியவருவதைவிடத் தெளிவாகத் தெரியும். பாடசாலையின் மானி அதிகாரபூர்வ எச்சரிக்கைக்கு மாற்றாகாது. அந்த எச்சரிக்கையின் எண்ணை விளங்கிக்கொள்ளும் ஒருவர் ஒவ்வொரு லயத்திலும் இருப்பார் என்பதே அதன் பயன்.

இவ்வாறு செய்வதற்கு ஆசிரியரைத் தடுப்பது மனமின்மை என்று சொல்லிவிடுவது எளிது; அது பிழை. 2014ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோட்டப் பாடசாலைகளுக்குச் சுமார் 3,000 ஆசிரிய உதவியாளர்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். உயர்தரத் தகைமையோடு வந்த அவர்கள் மிகக் குறைந்த மாதக் கொடுப்பனவில், பயிற்சியை முடிக்க முன்னரே முழுநேர ஆசிரியரின் சுமையைத் தாங்கினர். நகரத்திலிருந்து தோட்டத்துக்கு நாளும் பயணம் செய்யும் ஆசிரியர், வேறு பாடங்களையும் சேர்த்துக் கற்பித்துக்கொண்டு, ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் பிள்ளைக்குப் பிள்ளை பல நியதிகளில் புள்ளி நிரப்பவேண்டும் என்ற நிலையில், படிவம் நிரப்புவது கணிப்பீட்டை விழுங்கிவிடுகிறது. அளவுகோல் பாடசாலைக்குப் பாடசாலை மாறும் என்ற ஐயத்தால் அந்தப் புள்ளிகளை எவரும் நம்புவதுமில்லை.

ஆகவே குறைக்கப்படவேண்டியது புள்ளிகளின் எண்ணிக்கை. 1998இல் போல் பிளாக், டிலன் வில்லியம் என்ற இரு பிரித்தானிய ஆய்வாளர்கள், கற்றலுக்கு இடையில் நடக்கும் கணிப்பீட்டைப் பற்றிய நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து, பிள்ளைக்குத் தன் குறை எங்கே என்று தெரியவைக்கும் கணிப்பீடு கற்றலைக் கணிசமாக உயர்த்துகிறது என்றும், பின்தங்கிய பிள்ளைகளே அதனால் கூடுதலாகப் பயன்பெறுகின்றனர் என்றும் காட்டினர். அதற்குப் பத்தாண்டு முன்னர், 1988இல், இஸ்ரேலில் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரு குழுவுக்குக் கருத்து மட்டும், இன்னொன்றுக்குப் புள்ளி மட்டும், மூன்றாவதற்குப் புள்ளியும் கருத்தும் சேர்த்து வழங்கியபோது, கருத்து மட்டும் பெற்ற பிள்ளைகளே முன்னேறினர். புள்ளி சேர்ந்தவுடன் கருத்தின் பயன் அற்றுப்போயிற்று. இருபது செயற்பாடுகளுக்குப் புள்ளி நிரப்பும் நேரத்தில் மூன்று செயற்பாடுகளை ஆழமாக நடத்தி, ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியிலும் இரண்டு வரி எழுதுவது, பிள்ளைத்தொகை குறைந்த தோட்டப் பாடசாலையில் இயலாத காரியமன்று. நாற்பது, ஐம்பது பிள்ளைகள் நெருங்கி அமரும் நகர வகுப்பைவிட இங்கேதான் அது எளிது. தோட்டப் பாடசாலைக்கு இருக்கும் மிகச் சில அனுகூலங்களில் இது ஒன்று.

நம்பகத்தன்மைக்கும் வழி இருக்கிறது. ஒரே பள்ளத்தாக்கிலுள்ள நான்கைந்து பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்கள் தவணைக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடி, பெயர் மறைத்த கொப்பிகளை மாற்றிமாற்றி வாசித்து, எது நல்ல அவதானிப்பு, எது பார்த்தெழுதியது என்று ஒருமித்த கருத்துக்கு வரலாம். வலயத்தின் ஆசிரிய ஆலோசகர் அந்தக் கூட்டத்தை நடத்துவதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ தேவையில்லை. தேவைப்படுவது ஆசிரியர்களின் பேருந்துக் கட்டணமும், அன்றைய நாளைக் கடமை நாளாக ஏற்றுக்கொள்ளும் ஓர் அறிவுறுத்தலும்.

பாடசாலை மாறும் பிள்ளைக்கு இதனால் விளையும் பயன் நேரடியானது. தோட்டப் பாடசாலையிலிருந்து பசறைக்கோ பண்டாரவளைக்கோ செல்லும் பிள்ளையின் கையில் தற்போது போவது விஞ்ஞானத்துக்கு எதிரே ஒரே ஓர் எண். 38 என்ற அந்த எண்ணைக் காணும் புதிய ஆசிரியருக்கு, ஆசிரியர் இல்லாத ஆண்டில் எந்த அலகுகள் கற்பிக்கப்படாமலே விடப்பட்டன என்பதோ, அந்தப் பிள்ளை முப்பது நாள் மழையை ஒரு நாளும் தவறாமல் அளந்து வரைபாக்கியது என்பதோ தெரிவதில்லை. வகுப்பில் எந்த வரிசையில் அமர்த்துவது என்பதை மட்டும் அந்த எண் தீர்மானித்துவிடுகிறது. கற்பித்த அலகுகள் எவை, கண்ணாற் கண்ட பரிசோதனைகள் எவை, பிள்ளை தானே செய்து எழுதிய ஒரு செயற்பாட்டின் பிரதி, வகுப்பாசிரியரின் இரண்டு வரி ஆகியவை சேர்ந்த ஒற்றைத் தாளொன்று அந்தப் பெறுபேற்றோடு சேர்த்து அனுப்பப்படுமானால், தரம் 10இன் முதல் வாரத்திலேயே விடுபட்ட மின்பகுப்பை எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதை அந்த ஆசிரியர் அறிந்துகொள்வார்.